சிலி நாட்டுடன் வணிகம்: தூரத்தைக் குறைப்பது வரிச் சலுகையா, முதலீடா?

கேள்வி – மோட்டார் பம்பு உற்பத்தியாளர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் மோனோபிளாக் பம்புகளும் ஆழ்துளைக் கிணறுகளுக்கான நீர்மூழ்கி மோட்டார்களும் தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். இதுவரை எங்கள் ஏற்றுமதி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் மட்டுமே. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவீதம் வரை தீர்வை விதித்ததிலிருந்து, ஒன்றிரண்டு நாடுகளை மட்டும் நம்பித் தொழில் நடத்துவது எவ்வளவு ஆபத்தானது என்ற பேச்சு எங்கள் வட்டாரத் தொழிலதிபர்களிடையே ஓயாமல் நடந்து வருகிறது. அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் தென் அமெரிக்காவைப் பற்றி, குறிப்பாகச் சிலியைப் பற்றி, விசாரிக்கத் தொடங்கினேன்.

சிலியைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தொழில் சார்ந்த காரணங்கள் உண்டு. அந்நாட்டின் நடுப்பகுதியில் 2010 முதல் நீண்ட வறட்சி நிலவி வருவதால் பழத்தோட்ட உரிமையாளர்கள் நிலத்தடி நீரை மேலும் மேலும் ஆழத்திலிருந்து இறைக்க வேண்டியிருக்கிறது. அங்குள்ள மின்சாரம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரேசில், பெரு, கொலம்பியா ஆகிய நாடுகளில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கு அனுப்ப வேண்டுமானால் மோட்டாருக்குள் இருக்கும் வைண்டிங்கையே (கம்பிச் சுற்றையே) மாற்றி வடிவமைக்க வேண்டும். சிலிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இந்தியாவுக்கும் சிலிக்கும் இடையே 2005-இல் பொருளாதார ஒத்துழைப்புக்கான சட்டக ஒப்பந்தமும், 2006-இல் குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டும் தீர்வையைக் குறைக்கும் முன்னுரிமை வணிக ஒப்பந்தமும் கையெழுத்தாகி, 2017 மே மாதம் முதல் அது விரிவாக்கப்பட்ட வடிவில் நடைமுறையில் இருப்பதாக அறிகிறேன். 2025 ஏப்ரலில் சிலியின் அப்போதைய அதிபர் காப்ரியேல் போரிச் இந்தியா வந்து சென்றதை அடுத்து, முழுமையான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை வரையறைகளும் மே 8 அன்று கையெழுத்தாயின. ஆயினும் 2024-25 நிதியாண்டில் இருதரப்பு வணிகம் ஏறத்தாழ 375 கோடி டாலர்தான். அதில் நாம் வாங்கியது சுமார் 260 கோடி, விற்றது சுமார் 115 கோடி. வாங்கியதில் பெரும்பகுதி தாமிரத் தாது.

ஒப்பந்தம் இருந்தும் வணிகம் இவ்வளவு குறுகலாக இருப்பதற்கு என்ன காரணம்? 16,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்கும் இரண்டு நாடுகளுக்கிடையே வணிகமும் முதலீடும் வளர உண்மையில் எது தேவை? என்னைப் போன்ற சிறு உற்பத்தியாளர் புதிய ஒப்பந்தம் வரும்வரை காத்திருப்பது நல்லதா, இப்போதே முயல்வது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – சுங்க முகவர், தூத்துக்குடி

ஐயா, வணக்கம். தங்கள் கேள்வியில் இருக்கும் கடைசிப் பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: காத்திருக்க வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு விளக்குகிறேன்.

சிலி பெரும்பாலும் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே சீரான 6 சதவீத இறக்குமதித் தீர்வையை விதிக்கும் நாடு. தங்கள் சரக்கின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சலுகை ஏதும் இல்லாவிட்டால் அங்குள்ள இறக்குமதியாளர் 600 டாலர் தீர்வை கட்டுவார். இப்போதைய ஒப்பந்தத்தில் தங்கள் பொருளுக்கு, உதாரணமாக, 80 சதவீதச் சலுகை இருந்தால் அவர் கட்ட வேண்டியது 120 டாலர். அதாவது 480 டாலர் மிச்சம். சலுகை அளவு பொருளுக்குப் பொருள் மாறும். சிலி நமக்கு 1,798 தீர்வை வரிசைகளில் (சுங்க அட்டவணையில் பொருள்வாரியாக உள்ள பதிவுகளில்) 30 முதல் 100 சதவீதம் வரை சலுகை அளித்திருக்கிறது. தங்கள் பம்பு, சுங்கக் குறியீட்டில் பம்புகளுக்கான 8413 என்ற தலைப்பின் கீழ் எந்த எட்டு இலக்கக் குறியீட்டில் வருகிறது என்று பார்த்து, அந்த வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல் வரும் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி எந்த நாட்டுப் பொருளானாலும் பொதுவானது என்பதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து சிலியின் சான் அந்தோனியோ துறைமுகத்துக்கு நேரடிக் கப்பல் கிடைப்பது அரிது. கன்டெய்னர் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கைமாறி, பல சமயம் கிழக்காசியத் துறைமுகம் ஒன்றில் மீண்டும் கைமாறி, பசிபிக்கைக் கடந்து போய்ச் சேர ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகிவிடும். அதற்கு மேல் வாங்குபவர் 90 நாள் தவணை கேட்டால், தங்கள் பணம் ஐந்து மாதம் முடங்கிக் கிடக்கும். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று கொண்டால் 10,000 டாலருக்கு ஐந்து மாத வட்டி 400 டாலரைத் தாண்டுகிறது. ஒப்பந்தம் மிச்சப்படுத்திக் கொடுத்ததில் பெரும்பகுதியைக் கடல்வழியும் தவணையும் விழுங்கிவிட்டன. சீனாவோ 2005-லேயே சிலியுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்து, 2006 முதல் அதை நடைமுறைப்படுத்திவிட்டது; அங்கிருந்து கப்பல்கள் நேராகப் போகின்றன; 2024 நவம்பரில் பெருவின் சான்காய் துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு தென் அமெரிக்கப் பசிபிக் கரை முழுவதற்கும் அவர்களுக்கான பாதை இன்னும் குறுகியிருக்கிறது. ஆகவே நம் போட்டி 6 சதவீதத்தில் இல்லை, நாள் கணக்கில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சலுகையைப் பெறும் முறையிலும் கவனம் தேவை. ஒப்பந்தப்படி வெளிநாட்டிலிருந்து வாங்கிய மூலப்பொருளுக்கும் முடிவுற்ற பொருளுக்கும் நான்கு இலக்கக் குறியீட்டுத் தலைப்பு மாறியிருக்க வேண்டும். கூடவே 40 சதவீத உள்நாட்டு மதிப்புச் சேர்ப்பும் வேண்டும். வார்ப்படமும் வைண்டிங்கும் தங்கள் ஊரிலேயே நடந்தால் இது எளிது. ஸ்டேட்டர், ரோட்டார், கன்ட்ரோல் பெட்டி எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பூட்டுபவருக்கு இது கைகூடாது. உற்பத்தி நாட்டுச் சான்றிதழில் உள்ள எடை, கன்டெய்னர் எண், பொருளின் விவரம் ஆகியவை இன்வாய்சோடும் பில் ஆஃப் லேடிங்கோடும் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதோடும்) எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வழியில் உள்ள துறைமுகத்தில் சரக்கு அந்நாட்டுச் சந்தைக்குள் நுழையாமல் கப்பல் மட்டுமே மாறியது என்பதற்கான ஆவணத்தையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். மரப்பெட்டியில் பொதிந்தால் வெப்பப் பதனம் செய்த முத்திரை ஒவ்வொரு பலகைப் பெட்டியிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். பழ ஏற்றுமதியை நம்பி வாழும் நாடு என்பதால், பூச்சி நுழைந்துவிடக் கூடாது என்பதில் அவர்களின் வேளாண் ஆய்வுத் துறை எந்த விட்டுக்கொடுப்பும் செய்வதில்லை. முத்திரை மங்கியிருந்ததற்காக நல்ல சரக்கு துறைமுகத்திலேயே தேங்கி, தாமதக் கட்டணம் லாபத்தைத் தின்றுவிட்ட நிகழ்வுகளைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி – சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர், சென்னை

சுங்க முகவர் நண்பர் எழுதியிருப்பது முற்றிலும் சரி. நாள் கணக்கில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்றால், அந்த நாள்களை எப்படிக் குறைப்பது என்ற கேள்விதான் முதலீட்டுக்கு நம்மைக் கொண்டுசெல்கிறது. கப்பலின் வேகத்தை நம்மால் கூட்ட முடியாது. ஆனால் வாங்குபவர் கேட்கும் நாளில் சரக்கு அவருடைய ஊரிலேயே இருக்கும்படி செய்ய முடியும்.

சிலியில் பழத்தோட்டம் வைத்திருப்பவரின் நிலையில் நின்று பாருங்கள். கோடையின் நடுவில், ஜனவரியில், மோட்டார் எரிந்துபோனால் அவருக்கு அன்றைக்கே மாற்று மோட்டார் வேண்டும், அல்லது ஓரிரு நாளில் பழுது பார்த்துத் தரும் ஆள் வேண்டும். இந்தியப் பம்பு விலையில் பாதியாகவே இருந்தாலும், உதிரிபாகம் இரண்டு மாதக் கடல் பயணத்துக்கு அப்பால் இருந்தால் அவர் அதைத் தொடமாட்டார். அங்கு விற்பனையாளர்களைச் சந்திக்கும்போதெல்லாம் விலையைப் பற்றிய கேள்விக்கு முன்பாகவே மெக்கானிக்கல் சீல் (நீர் கசியாமல் தடுக்கும் பாகம்), பேரிங், இம்பெல்லர் ஆகியவை எங்கே இருப்பில் இருக்கும் என்ற கேள்விதான் வரும். ஆகவே, நாடுகளுக்கிடையேயான முதலீடு என்றால் கோடிக்கணக்கில் போட்டு ஆலை கட்டுவது என்று மட்டும் எண்ண வேண்டியதில்லை. சாந்தியாகோவின் புறநகரில் ஒரு வாடகைக் கிடங்கும், ஓராண்டுக்குத் தேவையான உதிரிபாகங்களும், ஸ்பானிய மொழி பேசும் ஒரு பழுதுநீக்குபவரும் போதுமான தொடக்கம். தனியாக முடியாவிட்டால் கோவைப் பம்பு உற்பத்தியாளர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பொதுவான கிடங்கு ஒன்றை வைக்கலாம். இதற்குத்தான் நம் ஏற்றுமதி ஊக்குவிப்பு அமைப்புகள் உதவித்தொகை தர வேண்டும் என்று நான் நெடுநாளாக வலியுறுத்தி வருகிறேன். கண்காட்சிக்குப் போய்வரச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினாலே பெரிய மாற்றம் வரும்.

அங்கேயே போய் இருந்து வணிகம் செய்வது நமக்குப் புதியதும் அன்று. வடக்கே இக்கீக்கே நகரில் 1975-இல் தொடங்கப்பட்ட தீர்வையற்ற வணிக மண்டலத்திலும், தென்கோடியில் உள்ள புந்தா அரேனாஸிலும் சிந்தி வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வேரூன்றியிருக்கின்றன. இக்கீக்கேயிலிருந்து பொலிவியா, பராகுவே ஆகிய நாடுகளுக்கும் சரக்கு போகிறது. அவ்விரு நாடுகளிலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் என்பதைக் கேள்வி கேட்ட நண்பர் குறித்துக்கொள்ளலாம். தகவல் தொழில்நுட்பத்தில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2005-இல் கோமிக்ரோம் என்ற சிலி நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அதன் வழியாக வங்கிகளுக்கான சேவைப் பணிகளில் காலூன்றியது. உள்ளூர் வாடிக்கையாளர்களையும் உள்ளூர்ப் பணியாளர்களையும் ஏற்கெனவே கொண்டிருந்த நிறுவனத்தை வாங்கியதால், நம்பிக்கையைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டிய ஆண்டுகள் மிச்சமாயின. வாகனத் துறையில் 2008-இல் அரிக்காவில் இருந்த கடைசிக் கார் ஆலை மூடப்பட்ட பிறகு சிலி தன் வாகனங்களை எல்லாம் இறக்குமதி செய்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து போகும் கார்களும், மஹிந்திராவின் பிக்கப் வண்டிகளும் அங்கே ஓடுவதற்கு விலை மட்டும் காரணமல்ல, ஊர்தோறும் பணிமனை வைத்திருக்கும் உள்ளூர் விநியோகஸ்தர்கள் முக்கியமான காரணம்.

நிறுவனம் தொடங்குவது அங்கே கடினமில்லை. 2013 முதல் இணையத்தின் வழியாக ஒரே நாளில் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. வெளிநாட்டவருக்கு வரி அடையாள எண்ணும், நாட்டில் வசிக்கும் சட்டப் பிரதிநிதி ஒருவரும் வேண்டும். இரட்டை வரிவிதிப்பைத் தவிர்க்கும் உடன்படிக்கை 2020 மார்ச்சில் கையெழுத்தாகி, 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பு, அங்கு ஈட்டிய லாபத்துக்கு இரு நாட்டிலும் வரி கட்ட நேருமோ என்ற அச்சமே பலரைத் தடுத்தது. என் பார்வையில், வணிக ஒப்பந்தத்தைவிட இந்த உடன்படிக்கை முதலீட்டாளருக்கு அதிகப் பயன் தருவது. ஆனால் செய்தித்தாள்களில் இதற்குப் பத்தில் ஒரு பங்கு இடம்கூடக் கிடைக்கவில்லை.

தொழில்நுட்பம் குறித்து இரண்டு செய்திகள். மின்சாதனங்கள் பலவற்றுக்கு அந்நாட்டின் மின்சார, எரிபொருள் மேற்பார்வை ஆணையத்தின் சான்று முத்திரை வேண்டும். தங்கள் மோட்டாருக்கும் அது பொருந்துமா என்பதை முதல் வேலையாக இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அடுத்து, வடக்குப் பகுதியின் சுரங்கங்கள் பல 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றன. காற்று அடர்த்தி குறைந்த அந்த உயரத்தில் மோட்டார் சரியாகக் குளிராது. 1,000 மீட்டருக்கு மேல் போகப் போக மோட்டாரின் திறனைக் குறைத்தே கணக்கிட வேண்டும். நம் ஊரில் பத்துக் குதிரைத்திறன் சுமையை அமைதியாக இழுக்கும் காற்றுக் குளிர்விப்பு மோட்டார் அங்கே சூடேறி வைண்டிங் கருகிவிடும். ஆகவே சுரங்க ஒப்பந்தக்காரர் ஒருவர் கேட்டார் என்பதற்காக வழக்கமான மோட்டாரை அனுப்பிவிடாதீர்கள்; முதலில் நடுப்பள்ளத்தாக்கின் தோட்டங்களோடு தொடங்குங்கள்.

மறுமொழி – பொருளியல் பேராசிரியர், மதுரை

மேலே எழுதிய இருவரின் அனுபவத்தையும் மதிக்கிறேன். ஆயினும் 6 சதவீதத் தீர்வை பொருட்டல்ல என்ற முடிவுக்கு எல்லாத் துறைகளையும் கொண்டுவந்துவிட முடியாது. தென் கொரியாவின் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொரியா தன் முதல் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது அண்டை நாட்டுடன் அன்று. பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் இதே சிலியுடன்தான். 2004 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்ததும் சிலியில் கொரியக் கார்களின் பங்கு உயர்ந்தது. லாப விளிம்பு குறைவாகவும் போட்டி கடுமையாகவும் இருக்கும் கார் சந்தையில் 6 சதவீதம் என்பது வாங்குபவரின் மனத்தை மாற்றப் போதுமானது. 2007-இல் ஜப்பானும் அதே சலுகையைப் பெற்றதும் அந்த முன்னிலை சுருங்கத் தொடங்கியது. ஆகவே சலுகைக்கும் காலம் உண்டு. முதலில் பெறுபவருக்கே அதன் முழுப்பயன் கிடைக்கும். சிலி உலகின் அறுபதுக்கும் மேற்பட்ட பொருளாதாரங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிலையில், நமக்கு இனிக் கிடைக்கும் தீர்வைச் சலுகை நம்மை மற்றவர்களுக்குச் சமமாக்குமே தவிர, அவர்களுக்கு முன்னே கொண்டுசெல்லாது.

இதிலிருந்துதான் நம் பேச்சுவார்த்தையாளர்கள் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிறது. சிலியின் தீர்வை ஏற்கெனவே தாழ்ந்தது. நம்முடையது, குறிப்பாக வேளாண் பொருள்களில், மிக உயர்ந்தது. நாம் விட்டுக்கொடுப்பது அதிகமாகவும் பெறுவது குறைவாகவும் அமையும் இடம் இது. அந்தக் குறையைத் தீர்வை அல்லாதவற்றில்தான் ஈடுகட்ட வேண்டும். நம் மருந்துகள் அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனத்தில் பதிவு பெற ஆகும் காலத்தைக் குறைப்பது, நம் பொறியாளர்களும் பழுதுநீக்குபவர்களும் தடையின்றிப் போய்வர விசா வழங்குவது, இங்குள்ள ஆய்வகங்கள் தரும் சோதனைச் சான்றை அங்கே ஏற்பது ஆகியவை ஒவ்வொன்றும் 6 சதவீதத்தைவிடக் கனமானவை. கோவைத் தொழிலதிபர் கவலைப்படும் மின்சாதனச் சான்று, கோவையில் உள்ள ஆய்வகத்திலேயே கிடைக்கும்படி ஆனால், அவரைப் போன்ற சிறு உற்பத்தியாளர் பலருக்கு வாசல் திறக்கும்.

தாமிரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறக்குமதி ஏற்றுமதியைவிட இரு மடங்குக்கு மேல் இருப்பதைச் சிலர் இழப்பாகவே பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உலகின் சுரங்கத் தாமிரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிலியிலிருந்து வருகிறது. நம் நாட்டில் தாமிரத் தாது மிகக் குறைவு. உருக்கும் திறனோ ஓரளவு இருக்கிறது. 2018-இல் தூத்துக்குடி உருக்காலை மூடப்பட்ட பிறகு நாம் சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்யும் நிலையிலிருந்து இறக்குமதி செய்யும் நிலைக்கு மாறினோம். அந்த ஆலையால் பாதிக்கப்பட்ட மக்களின் நியாயமும் உயிரிழப்பும் எந்த வணிகக் கணக்காலும் ஈடு செய்ய முடியாதவை. இங்கு நான் குறிப்பிடுவது அதன் பின் உண்டான தேவையை மட்டுமே. 2024 மார்ச்சில் குஜராத்தின் முந்த்ராவில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுள்ள புதிய உருக்காலையின் முதல் கட்டம் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில் லித்தியம், தாமிரம், கோபால்ட் உள்ளிட்ட 25 முக்கியக் கனிமங்களுக்குச் சுங்கத் தீர்வை நீக்கப்பட்டது. ஆகவே சிலியிலிருந்து வரும் தாது இனி இன்னும் கூடும். அந்தத் தாமிரம்தான் கம்பியாகி, கோவை மோட்டாருக்குள் வைண்டிங்காகச் சுற்றப்படுகிறது. அந்த மோட்டார் மீண்டும் சிலிக்கே போகுமானால் அதைவிடப் பொருத்தமான வணிகம் வேறில்லை.

ஆனால் சந்தையில் அவ்வப்போது விலைக்கு வாங்குவது மட்டும் போதாது; நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தமும் சுரங்கத்தில் பங்கு முதலீடும் வேண்டும். அங்கே நாம் புரிந்துகொள்ள வேண்டியது, கனிமம் என்பது சிலி மக்களுக்கு வெறும் சரக்கு அன்று என்பதை. 1971-இல் பெரும் தாமிரச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் சட்டத்திருத்தத்தை அவர்களின் நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அவற்றை இன்று நடத்தும் கோடெல்கோ அரசு நிறுவனம். 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட லித்தியக் கொள்கையும் முக்கியமான உப்புநிலங்களில் அரசுக்கே பெரும்பான்மைப் பங்கு என்றது. எனவே அங்கு முதலீடு செய்யப் போகும் இந்திய நிறுவனம், அரசோடு கூட்டாளியாக இருக்கவும், வடக்கே உள்ள அதகாமா பாலைவனத்தின் தண்ணீரையும் அங்கு வாழும் பூர்வகுடி மக்களின் உரிமையையும் மதிக்கவும் ஆயத்தமாகப் போக வேண்டும்.

கடைசியாக, நம் உழவர்களைப் பற்றி. காஷ்மீரின் வால்நட், காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் ஆகியவற்றை வளர்ப்போர் சிலியுடனான ஒப்பந்தத்தை அச்சத்தோடு பார்க்கிறார்கள். அது நியாயமான அச்சம். ஆனால் தென் அரைக்கோளத்தில் பருவம் தலைகீழானது: சிலியின் வால்நட் மார்ச் முதல் மே வரை அறுவடையாகிறது, காஷ்மீரில் அது செப்டம்பரை ஒட்டி. கொரியா இதே சிக்கலுக்குத் தீர்வு கண்டது. சிலி திராட்சைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டும் தீர்வையைப் படிப்படியாக நீக்கியது, தன் உழவர்களின் அறுவடைக் காலத்தில் பழைய தீர்வையை அப்படியே வைத்துக்கொண்டது. அரிசி, ஆப்பிள், பேரிக்காயை ஒப்பந்தத்திலிருந்தே விலக்கி வைத்தது. வால்நட்டைக் கிடங்கில் பல மாதம் வைக்க முடியும் என்பதால் பருவத் தீர்வை மட்டும் அதற்குப் போதாது, அளவு வரம்பும் சேர்த்து வேண்டும். இதை நம் தரப்பு உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி கேட்டவரின் தொடர் வினா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வட்டிக் கணக்கும், உயரமான இடங்களில் மோட்டார் சூடேறும் செய்தியும் எனக்கு உடனடியாகப் பயன்படும். பொதுக் கிடங்கு பற்றி எங்கள் சங்கத்தில் பேசத் தொடங்கிவிட்டேன். இன்னும் ஒரு கவலை மட்டும் இருக்கிறது: முன்பின் தெரியாத இறக்குமதியாளருக்கு இவ்வளவு தொலைவு சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்கு எப்படி உறுதி தேடுவது? முதல் சரக்கை எந்த மாதத்தில் அனுப்புவது நல்லது?

மறுமொழி – வங்கியின் அயல்நாட்டு வணிகப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஈரோடு

ஐயா, முதல் சரக்குக்குத் தவணை கொடுக்காதீர்கள். 30 சதவீதம் முன்பணம், மீதி திரும்பப்பெற முடியாத எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணத்துக்குத் தரும் உறுதிக் கடிதம்) என்று கேளுங்கள். எல்.சி. செலவைக் காரணம் காட்டி அவர் மறுத்தால், ஆவணங்களை வங்கி மூலம் அனுப்பி, பணம் செலுத்திய பின்பே அவர் கையில் கிடைக்கும்படி செய்யுங்கள். ஆனால் இந்த இரண்டாவது முறையில் அவர் சரக்கை எடுக்காமல் விட்டுவிட்டால், இரண்டு மாதத் தொலைவில் கிடக்கும் சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு அதன் விலையை நெருங்கிவிடும். ஆகவே முன்பணத்தின் அளவு, குறைந்தது போக்குவரத்துச் செலவையும் துறைமுகக் கட்டணத்தையும் ஈடுகட்ட வேண்டும்.

இரண்டாவது, மூன்றாவது சரக்கிலிருந்து அவர் தவணை கேட்பார். கொடுக்காமல் வணிகம் வளராது. அப்போது இ.சி.ஜி.சி. நிறுவனத்தில் ஏற்றுமதிக் கடன் காப்புறுதி எடுங்கள். வாங்குபவர் திவாலானாலும், பணம் தராமல் இழுத்தடித்தாலும், அந்நாட்டில் அரசியல் காரணத்தால் பணம் வெளியே வராவிட்டாலும் இழப்பின் பெரும்பகுதி கிடைக்கும். காப்புறுதியைவிட மதிப்புள்ள பயன் ஒன்று அதில் இருக்கிறது. தாங்கள் வாங்குபவரின் பெயரில் கடன் வரம்பு கேட்டு விண்ணப்பித்தால், அவருடைய நிதி நிலையை விசாரித்து, எவ்வளவு தொகை வரை அவரை நம்பலாம் என்று அவர்களே வரையறுப்பார்கள். கேட்ட வரம்பைவிட மிகக் குறைத்துக் கொடுத்தால், அதற்குக் காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கையாக இருங்கள்.

பேராசிரியர் தாமிரத்தைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிலியின் பணமான பெசோ பெரும்பாலும் தாமிர விலையோடு ஏறி இறங்கும். தாமிரம் விழுந்தால் பெசோவும் விழும். டாலரில் விலை சொல்லியிருக்கும் தங்கள் பம்பு அங்குள்ள விநியோகஸ்தருக்கு ஒரே மாதத்தில் விலை கூடிவிடும், அவர் ஆர்டரைத் தள்ளிப்போடுவார். அதே நேரத்தில் தங்களுக்கு வைண்டிங் கம்பியின் விலை குறைந்திருக்கும். அந்தக் குறைவில் ஒரு பகுதியை விலையில் விட்டுக்கொடுத்தால் ஆர்டர் கைநழுவாது. இதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வைக்கலாம். கம்பி விலையோடு பம்பு விலையை இணைக்கும் ஒரு வரி போதும், இரு தரப்புக்கும் அது நியாயமானது.

மாதத்தைப் பொறுத்தவரை, அங்கே வசந்தம் செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை பாசனக் காலம். ஆகஸ்டின் முற்பாதிக்குள் சரக்கு சான் அந்தோனியோவில் இறங்கினால்தான் கடைகளுக்குப் போய்ச் சேர நேரம் இருக்கும். அதற்கு ஜூன் தொடக்கத்தில் கப்பலேற வேண்டும். அதற்கு ஏப்ரலில் ஆர்டர் உறுதியாக வேண்டும். சான்று முத்திரைக்கான மாதிரி மோட்டாரை அதற்கும் வெகு முன்பாக, டிசம்பரிலேயே விமானத்தில் அனுப்பிவிடுங்கள். விசாரணைக் கடிதத்தை ஸ்பானிய மொழியில் எழுதி, புதுதில்லியில் உள்ள சிலித் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கும் ஒரு படி அனுப்புங்கள். தொலைபேசியில் பேசுவதானால் நம் நேரம் மாலை ஏழு மணிக்கு மேல் அழையுங்கள். அவர்களின் கோடையில் எட்டரை மணி நேரமும் அவர்களின் குளிர்காலத்தில் ஒன்பதரை மணி நேரமும் அவர்கள் நமக்குப் பின்னால் இருப்பதால், அப்போதுதான் அங்கே அலுவலகம் திறந்திருக்கும்.